வைரஸ் நழுவிவிடாதா?

கேள்வி: அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினில் உள்ள ஹெப்பா (HEPA) வடிகட்டி 0.3 மைக்ரான் தூசியைப் பிடிக்குமாம். கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான்தானே, நழுவிவிடாதா? - வாசகி, ஈரோடு

பதில்: நழுவாது. வடிகட்டியைச் சல்லடை என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. 0.3 மைக்ரான்தான் பிடிக்கவே கடினமான அளவு, அதிலேயே 99.97 சதவீதம் சிக்கிவிடும். அதைவிடச் சிறியவை, காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளத் தாறுமாறாக அலைந்து இழைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். தவிர, வைரஸ் பெரும்பாலும் எச்சில் துளியோடு சேர்ந்துதான் வரும்.

கடையில் நான் பார்ப்பது சதவீதத்தை அல்ல. மெஷின் மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்பதைத்தான். பத்துக்குப் பத்து அடி அறைக்குச் சுமார் 150 வேண்டும். என் அம்மாவைப்போல, சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைத்தால் முழு வேகத்துக்கான அந்தக் கணக்கு செல்லாது. அப்புறம், பக்கத்திலேயே உட்கார்ந்து இருமுகிறவரை மாஸ்க் போடச் சொல்லுங்கள். அதற்கு மெஷின் உதவாது.