பேனிக் அட்டாக்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நான் உளவியலாளர். பேச்சு சிகிச்சைதான் என் வேலை, மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. அதனால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திடீரென்று நெஞ்சு அடைத்து, விரல்கள் மரத்து, செத்தே போய்விடுவேன் என்று நினைத்தேன். அவசர சிகிச்சையில் ஈசிஜி எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமே இல்லாமலா இப்படி வரும்?

இதயத்தில் ஒன்றுமில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். உங்கள் உடம்பில் நடந்தது அத்தனையும் நிஜம். திடீரென்று உச்சத்துக்கு ஏறும் இந்தப் பயத்தைத்தான் பேனிக் அட்டாக் என்கிறோம். ஆபத்து வந்துவிட்டதாக மூளை தவறாக முடிவெடுத்ததும் அட்ரினலின் பாய்கிறது, துடிப்பு ஏறுகிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலைசுற்றல், விரல் மரத்தல், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு எல்லாம் அதனால்தான். காற்றே போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் நாம் அளவுக்கு அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். களைப்பு மட்டும் அன்று முழுக்க இருக்கலாம்.

முதல் முறை மருத்துவமனைக்குப் போனது சரியான முடிவு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, துடிப்புக் கோளாறு, சர்க்கரை இறங்குவது, சில ஆஸ்துமா மருந்துகள், அதிகக் காபி இவையும் இதே மாதிரி படபடப்பைத் தரும். ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் ஐந்தாவது ஈசிஜி எடுத்தால் இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் உழைக்கும்போது வரும் நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நினைவு தப்புதல் இருந்தால், "இதுவும் பேனிக்தான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே போங்கள்.

வந்துவிட்டால் உடனே நிறுத்த என்ன வழி? காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்கிறார்களே?

பை வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அது ஆபத்து.

உடனே நிறுத்துவது என்பதை நான் யாருக்கும் இலக்காக வைப்பதில்லை. நிறுத்தப் போராடும்போது "இது பயங்கரமானது" என்றுதான் மூளைக்குச் சொல்கிறோம், அது இன்னும் பயப்படுகிறது. இருக்கும் இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டினால் மட்டும் ஓரமாக நிறுத்துங்கள். ஆழமாக இழுக்க வேண்டாம், வெளிமூச்சை மெதுவாக நீட்டி விடுங்கள். "ஏறுகிறது, இறங்கிவிடும்" என்று சொல்லிக்கொண்டு, செய்துகொண்டிருந்த வேலையை அரைகுறையாகவாவது தொடருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களை எண்ணுவது மாதிரியான உத்திகளும் தவறில்லை. அதைச் செய்ததால்தான் பிழைத்தேன் என்று நம்ப ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல்.

கூட்டத்தில் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயம்.

மயக்கம் வர இரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பேனிக்கில் அது பொதுவாக ஏறத்தான் செய்யும். இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கும் சிலருடைய கதை வேறு.

லிஃப்ட், பஸ், கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கணவர் கூட வந்தால்தான் வெளியே போகிறேன். பையில் தண்ணீர், மாத்திரை, சார்ஜர் எல்லாம் இருக்க வேண்டும். இப்போது அட்டாக் அதிகம் வருவதில்லை, ஆனாலும் வாழ்க்கை சுருங்கிவிட்டது, மேடம்.

இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான். ஒன்றிரண்டு அட்டாக் யாருக்கும் வரலாம், அது நோயல்ல. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போதோ என்ற பயமோ, அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பேனிக் டிஸார்டர் என்கிறோம். உங்களை வீட்டில் உட்கார வைத்திருப்பது அட்டாக் அல்ல, அடுத்த அட்டாக் பற்றிய பயம்.

டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் இதைத் தெளிவாக விளக்கினார். சாதாரணமாக ஒரு துடிப்பு எகிறுகிறது. "ஹார்ட் அட்டாக்!" என்று மனம் அர்த்தம் சொல்கிறது. அந்தப் பயம் துடிப்பை இன்னும் ஏற்றுகிறது. "பார், சொன்னேனே!" என்று மனம் மறுபடி சொல்கிறது. கணவரும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே வருவது இங்கேதான். ஒவ்வொரு முறை பத்திரமாக வீடு திரும்பும்போதும் "இவை இருந்ததால் தப்பித்தேன்" என்று கணக்கில் எழுதப்படுகிறது. அவை இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைப்பதில்லை.

சிபிடி என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. பயப்படும் உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்போம். மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, நின்ற இடத்தில் ஓடுவது. கூடவே நானும் சுற்றுவேன், எனக்குக் குமட்டும், அது வேறு விஷயம். நாலைந்து முறை செய்ததும் தலைசுற்றல் வெறும் தலைசுற்றலாகிவிடும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அப்புறம் வெளியே. முதலில் கணவர் இரண்டு ஸ்டாப் தள்ளி நிற்கட்டும், நீங்கள் பஸ்ஸில் அவரிடம் போங்கள். பிறகு பாட்டில் இல்லாமல். பிறகு தனியாக. பயம் முழுதாகப் போன பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் கிளம்பவே முடியாது. பயத்தோடு போய், அது தணியும்வரை அங்கேயே இருப்பதுதான் பயிற்சி.

தூக்கத்திலிருந்து பதறி எழுகிறேன். கனவு எதுவும் ஞாபகமில்லை.

தூக்கத்திலும் பேனிக் வரும். கெட்ட கனவால் வருவதல்ல, கனவில்லாத தூக்கக் கட்டத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. சிகிச்சை அதேதான். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கவா? ஒரு வாரமாகச் சாப்பிடுகிறேன், படபடப்பு கூடியிருக்கிறது.

வாழ்நாள் முழுக்க என்று கட்டாயம் இல்லை. முதலில் தருவது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை, மனச்சோர்வுக்கும் தரும் மருந்துதான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றம் கூடுவது பலருக்கும் உண்டு, அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குவார்கள். உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே அமைதி தரும் பென்சோடயசபின் வகை வேறு. அது பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதில் எனக்குத் தயக்கம் அதிகம்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

நல்ல தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவரிடம் எட்டு மாதம் போனேன். என் சிறுவயதைப் பற்றியே பேசினோம்.

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: பேனிக்குக்கு என்ன முறை பயன்படுத்துகிறீர்கள்? சுமார் எத்தனை அமர்வுகள்? வீட்டில் செய்யப் பயிற்சி உண்டா? பேனிக்குக்கான சிபிடி பொதுவாக 12 அமர்வுகளை ஒட்டி முடியும், சிலருக்குக் கூடலாம். சிறுவயதைப் பேசுவது தப்பில்லை. எட்டு மாதமாக ஒரு பயிற்சிகூட இல்லை என்றால் ஆளை மாற்றலாம், குற்றவுணர்வு தேவையில்லை. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவமனை, பல்கலைக்கழக உளவியல் துறை, சிபிடி முறையிலான சுய உதவிப் புத்தகம் என்ற வரிசையில் விசாரியுங்கள்.

தம்பிக்கு வரும்போது "தைரியமா இருடா" என்கிறோம். அம்மா கோபப்படுகிறார். வேறு என்ன சொல்வது?

குறைவாகப் பேசுங்கள். "கூட இருக்கேன், இறங்கிடும்" போதும். நீங்கள் பதறி ஓடினால் அவன் பயம் உறுதியாகிவிடும். அட்டாக் இல்லாத நாளில் உட்கார்ந்து, என்ன செய்தால் உதவும் என்று அவனிடமே கேளுங்கள். அவனுக்குப் பதிலாகக் கடைக்கு ஓடுவதையும், வெளியே போகாமலிருக்கச் சாக்கு சொல்லித்தருவதையும் அவன் சம்மதத்தோடு படிப்படியாகக் குறையுங்கள். அம்மாவின் கோபம் பெரும்பாலும் பயம்தான். ஒரு அமர்வுக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.

ஆதரவுக் குழுவில் சேரலாமா?

சேருங்கள். நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைய அது நல்ல இடம். ஆனால் நாள் முழுக்க அறிகுறிகளை ஒப்பிட்டுப் பேசும் குழு என்றால் வெளியேறிவிடுங்கள். மற்றவரின் அறிகுறி நமக்கும் வந்துசேரும்.

ஆறு மாதம் நன்றாக இருந்தேன். நேற்று லிஃப்ட்டில் மறுபடி வந்துவிட்டது. எல்லாம் வீணா?

இல்லை. தூக்கம் கெட்ட வாரம், காய்ச்சல், வேலை நெருக்கடி, எதிலும் ஒன்று எட்டிப் பார்க்கலாம். வந்ததைவிட, வந்தபின் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். இன்று படிக்கட்டில் ஏறியிருந்தால், நாளை அதே லிஃப்ட்டில் ஏறுங்கள். முடிந்தால் இரண்டு முறை.