வாசகர் கேள்வி–பதில்: பனி வழிவிட்டால்

ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றி ஜூலை மாதத்தில் நான் சென்றுவந்த கப்பல் பயணத்தைப் பற்றி முந்தைய இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சாதாரண சொகுசுக் கப்பல் பயணத்துக்கும், நீங்கள் சொல்லும் 'எக்ஸ்பெடிஷன் குரூஸ்' என்பதற்கும் என்ன வேறுபாடு? எந்த நாளில் எந்த இடம் என்று பட்டியல் தர முடியுமா?
— வாசகர், கும்பகோணம்

பட்டியல் தர முடியாது என்பதுதான் முதல் வேறுபாடு. 74 முதல் 81 பாகை வரையிலான வட அட்சரேகைகளுக்கு இடையே பரந்து கிடக்கும் ஸ்வால்பார்ட், நார்வே நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டம். அதன் மேற்குக் கரையை அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் தழுவிச் செல்வதால், கோடையில் அங்கே கடற்பனி அநேகமாக இருப்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. நேற்றுத் திறந்திருந்த நீரிணையைக் காற்று திசை மாறி ஒரே இரவில் பனியால் அடைத்துவிடும். நார்வே வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிநிலை வரைபடத்தைப் பயணத் தலைவர் ஒவ்வொரு மாலையும் திரையில் காட்டி, சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் மிக நெருக்கமான மிதவைப்பனி என்பதால் நாளைய திட்டம் இன்னதாக மாறுகிறது என்று சொல்லுவார். மறுநாள் காலை அந்தத் திட்டமும் மாறியிருக்கும். ஹின்லோப்பன் நீரிணையின் தென்முனை வழியாகச் சுற்றி வருவதாக இருந்த நாங்கள், பாதியில் திரும்பி வந்த வழியே போனோம். இதை ஏமாற்றமாகக் கருதுபவர் மத்தியதரைக் கடலுக்குப் போவது நல்லது.

மற்றொரு வேறுபாடு, கப்பல் பெரும்பாலும் எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. பத்துப் பேர் அமரும் ரப்பர் படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். இறங்கும்போது மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. அவர் நம் முன்னங்கையையும் நாம் அவர் முன்னங்கையையும் பற்றிக்கொள்ள வேண்டும். ஈரக் கையுறை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது.

பனிக்கரடியை எவ்வளவு அருகில் பார்க்கலாம்? விளம்பரங்களில் கப்பலின் ஓரத்திலேயே நிற்பது போலப் படம் போடுகிறார்களே?
— வாசகி, நாகர்கோவில்

அந்தப் படங்களை மறந்துவிடுங்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, ஸ்வால்பார்டில் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை இந்தத் தொலைவு 500 மீட்டர். கரடி தற்செயலாக அதைவிட அருகில் தென்பட்டாலும் விலகிப் போக வேண்டியது நம் கடமை. ஆகவே நல்ல தொலைநோக்கி ஒன்றை வாங்குங்கள். கேமராவைவிட அது முக்கியம்.

நான் பார்த்த கரடியைச் சொல்கிறேன். மேல்தளத்தில் ஒரு மணி நேரமாகத் தொலைநோக்கியை இறக்காமல் நின்ற வழிகாட்டிப் பெண், "அந்த மஞ்சள் புள்ளி" என்றார். பனியோடு ஒப்பிட்டால் கரடி வெள்ளையில்லை; நாள்பட்ட பருத்தி வேட்டியின் பழுப்பேறிய நிறம். அது கடற்பனியில் ஓர் ஓட்டையின் முன்னே தலையைத் தாழ்த்தி அசையாமல் கிடந்தது. வளையச் சீல் என்னும் சிறிய கடல்நாய் மூச்சு வாங்க மேலே வரும் துவாரம் அது. சீல் வரும்வரை கரடி மணிக்கணக்கில் காத்திருக்கும். நாங்கள் பார்த்த 40 நிமிடங்களில் எதுவும் நடக்கவில்லை. அந்த நடக்காத 40 நிமிடங்களைத்தான் பயணம் முழுவதிலும் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். கப்பல் இன்னும் 200 மீட்டர் நெருங்கியிருந்தால் கரடி எழுந்து போயிருக்கும். அதன் காத்திருப்பும் வீணாகியிருக்கும்.

கரையில் இறங்கும்போது வழிகாட்டிகள் துப்பாக்கியும் ஒளிக்குண்டுத் துப்பாக்கியும் ஏந்தி முன்னே சென்று, சுற்றிலும் பார்த்த பிறகே நம்மை இறக்குவார்கள். இது வெறும் சடங்கு அல்ல. 2018 ஜூலையில், வடகோடியிலுள்ள ஏழு தீவுகள் பகுதியில் சுற்றுலாக் கப்பலொன்றின் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவரைக் காப்பாற்ற அதைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. ஸ்வால்பார்டில் பனிக்கரடி வேட்டை 1973-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது என்பதால் அந்தச் சாவு உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது.

பெங்குவின்களைப் பார்த்தீர்களா?
— ஏழாம் வகுப்பு மாணவி, ஈரோடு

இல்லை, பெங்குவின்கள் தென்பாதி உலகின் பறவைகள். கரடியும் பெங்குவினும் சேர்ந்து நிற்கும் படத்தை எங்கே பார்த்தாலும் அதை வரைந்தவர் இரண்டு இடங்களுக்கும் போகாதவர் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

வடக்கொளி எனப்படும் அரோராவைக் காண ஜூலை ஏற்ற மாதமா?
— வாசகர், திருநெல்வேலி

ஏற்ற மாதம் அன்று. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாவது வாரம் கடக்கும்வரை சூரியன் மறைவதே இல்லை. இருள் இல்லாத வானத்தில் அந்த ஒளி தெரியாது. உங்களுக்குத் தேவைப்படுவது கண்மறைப்புத் துணி. நடுநிசியில் வெயில் முகத்தில் அடிக்கத் தூங்கிப் பழக எனக்கு நான்கு நாட்கள் ஆயின.

கரடியைத் தவிர வேறு எவை பார்க்கத் தக்கவை? இத்தனை செலவு செய்து பனியை மட்டும் பார்ப்பதா?
— வாசகர், திருச்சி

பனியையே பார்க்கலாம் ஐயா. முதலில், அது இரண்டு வகை. கடல்நீரே உறைந்து தட்டுத்தட்டாக மிதப்பது கடற்பனி; நிலத்தில் நூற்றாண்டுகளாகப் பெய்த பனி அழுந்திக் கட்டியாகி, பனியாறாக நகர்ந்து கடலில் உடைந்து விழுவது பனிப்பாறை. முன்னது கரடிக்கு நிலம், பின்னது நமக்குக் காட்சி. நார்ட்ஆஸ்ட்லாந்த் தீவின் ஆஸ்ட்ஃபோனா பனிக்கவிகை கடலைச் சந்திக்கும் முகப்பு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மதில்போல நிற்கும் அதன் உச்சியிலிருந்து கோடையில் உருகிய நீர் அருவி அருவியாகக் கடலில் கொட்டுகிறது.

மொனாக்கோ பனியாற்றின் முன்னே படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு, வழிகாட்டி கைமுட்டி அளவுள்ள துண்டொன்றை நீரிலிருந்து எடுத்துத் தந்தார். கண்ணாடிபோல நிறமற்றிருந்த அதைக் காதருகே வைத்தால், எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை கேட்டது. நெடுங்காலத்துக்கு முன் பனிக்குள் அகப்பட்டு அழுத்தத்தில் இருந்த காற்றுக் குமிழ்கள், பனி உருகும்போது வெடித்து வெளியேறும் ஓசை அது. படகைச் சுற்றி மிதந்த ஆயிரக்கணக்கான துண்டுகளும் அப்படியே பொரிந்துகொண்டிருந்தன என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

உயிரினங்களில், ஹின்லோப்பன் நீரிணையிலுள்ள ஆல்கெஃப்யெல்லெட் பாறைச்சுவரைக் கரடிக்கும் மேலாக வைப்பேன். செங்குத்தான கருங்கல் தூண்களின் விளிம்புகளில் ஏறத்தாழ 60,000 இணை கில்லிமாட் பறவைகள் கூடு கட்டாமல், வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டையிட்டு அடைகாக்கின்றன. முட்டை ஒரு பக்கம் கூம்பிப் பேரிக்காய் வடிவில் இருக்கும். மூன்று வாரக் குஞ்சு, சரியாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே கடலை நோக்கிக் குதித்துவிடும். தந்தைப் பறவை உடன் இறங்கி அதைக் கடலில் வளர்க்கும். கடலை எட்டாமல் கரையில் விழும் குஞ்சுக்காகக் கீழே ஆர்க்டிக் நரி காத்திருக்கும். இரைச்சலும் எச்சத்தின் நெடியும் அந்த இடத்தை அடையும் முன்பே நம்மை வந்து சேர்ந்துவிடும்.

நெடியென்றால் வால்ரஸும் குறைந்ததல்ல. தந்தத்துக்காக வேட்டையாடப்பட்டு ஸ்வால்பார்டிலிருந்து ஏறக்குறைய அழிந்தே போன இந்த விலங்கு, 1952-இல் பாதுகாக்கப்பட்ட பிறகு மெல்ல மீண்டு வருகிறது. கடலடியில் மீசை மயிரால் துழாவிச் சிப்பிகளைத் தின்றுவிட்டு, கரையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சந்தை முடிந்த மாலையில் அடுக்கிய மூட்டைகளைப் போலக் கிடந்து உறங்கும்.

பனிக்கடலில் கப்பல் போவது ஆபத்தில்லையா? வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல அஞ்சுகிறேன்.
— வாசகி, சென்னை

அச்சம் ஆதாரமற்றதன்று. 1989 ஜூனில் மாக்ஸிம் கோர்க்கி என்ற சோவியத் பயணிகள் கப்பல் ஸ்வால்பார்டுக்கு அருகே பனியில் மோதி, நீர் உட்புகுந்தது; கப்பலில் இருந்த 900-க்கும் மேற்பட்டோரில் பயணிகள் அனைவரும் மாலுமிகளில் ஒரு பகுதியினரும் உயிர்காப்புப் படகுகளிலும் பனித்தட்டுகளிலும் காத்திருக்க நேர்ந்தது. நார்வே கடலோரக் காவற்படையின் சென்யா கப்பல் வந்து சேர்ந்ததால் அனைவரும் பிழைத்தனர். 2017 ஜனவரி முதல் துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கெனத் தனி விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. கப்பலின் உடற்பகுதி எத்தகைய பனியைத் தாங்கும் என்பதற்குத் தரவகை உண்டு. முன்பதிவுக்கு முன் அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெற்றோரைப் பொறுத்தவரை எனக்குள்ள கவலை பனியன்று, மருத்துவமனை. அந்தத் தீவுகளில் ஒன்றே ஒன்று லாங்இயர்பியனில் இருக்கிறது, அதுவும் சிறியது. இதய நோய் இருந்தால் மருத்துவரின் ஒப்புதலும், ஹெலிகாப்டரில் மீட்டுவரும் செலவை ஏற்கும் காப்பீடும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

உருகிக்கொண்டிருக்கும் பனியைப் பார்க்க எண்ணெய் எரித்துப் போவது நியாயமா?
— வாசகர், மதுரை

முழு மனத்துடன் நியாயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. கனரக எண்ணெயை ஸ்வால்பார்டின் கடல் எல்லைக்குள் பயன்படுத்த 2022 முதல் தடையுள்ளது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்களுக்கு 2025 முதல் அனுமதியில்லை. தரையிறங்கும் இடங்களும் வரையறுக்கப்பட்டுள்ளன. இவை நல்ல விதிகள். ஆனால் சென்னையிலிருந்து ஆஸ்லோவுக்குப் பறக்கும் விமானத்தின் புகையை இவற்றில் எதுவும் குறைப்பதில்லை. போகத்தான் வேண்டுமென்றால் சிறிய கப்பலில், ஒரே முறை, நீண்ட பயணமாகப் போங்கள். மூன்று நாள் சுற்றுலாவாக அவசரமாகப் போய்வருவதை நான் ஆதரிக்கவில்லை.

இந்தியர்களுக்கு ஸ்வால்பார்ட் செல்ல விசா தேவையில்லை என்று படித்தேன். உண்மையா? அங்கே இந்திய ஆய்வு நிலையத்தைப் பார்க்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பாதி உண்மை. 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையின் வழியில் அத்தீவுகளுக்குத் தனியே விசா கிடையாது; அன்றைய இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. 2008-இல் நீ-ஆலசுண்ட் என்னும் ஆய்வுக் குடியிருப்பில் நம் நாடு திறந்த 'ஹிமாத்ரி' நிலையத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். அங்கே நுண்ணிய வானொலிக் கருவிகள் இயங்குவதால், கப்பல் நெருங்கும் முன்பே கைப்பேசியின் வைஃபை, புளூடூத் அனைத்தையும் அணைக்கச் சொல்வார்கள். ஆனால் ஸ்வால்பார்டுக்குப் போவதற்கு நார்வேயின் நிலப்பகுதியைக் கடந்தாக வேண்டும். அது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் உள்ளது, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே உள்ளது. எனவே லாங்இயர்பியனுக்கு விமானம் ஏறியதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுவீர்கள். திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவுடன் வந்த சக பயணி ஒருவர், லாங்இயர்பியனுக்கு விமானம் ஏறும் முன்பே ஆஸ்லோவில் தடுக்கப்பட்டு, எங்களோடு கப்பலேற முடியாமல் ஊர் திரும்பினார். விண்ணப்பத்தில் இருமுறை அல்லது பன்முறை நுழைவு என்று குறிப்பிடுங்கள். விசா கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தை ஒருமுறை சரிபாருங்கள்.