பலன்சோனி கொதிநீரில் பிரிந்துபோவது பற்றி

வணக்கம். கீரை சேர்த்துப் பிசைந்த மாவு கையில் ஒட்டுவதாகவும், பூரணம் வைத்து மடித்த இத்தாலியப் பாஸ்தாவான பலன்சோனி கொதிநீரில் வாய் பிளந்து பூரணத்தை வெளியே விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஈரம்தான் என்று நினைக்கிறேன்.

இத்தாலிய முகமூடி நாடகத்தில் கறுப்பு அங்கியுடன் வந்து ஓயாமல் பேசும் பொலோனியா நகரத்து அறிஞரான டாக்டர் பலன்சோனேயின் பெயரைத் தாங்கிய இந்தப் பச்சைப் பாஸ்தாவில், மாவில் கீரை, பூரணத்தில் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி என்று இருபுறமும் நீர் ஒளிந்திருக்கிறது. வெந்த பசலைக்கீரையைத் துணியில் முடிந்து, முறுக்கினால் ஒரு துளிகூடச் சொட்டாத வரை பிழிந்து, விழுதாக அரையுங்கள். 400 கிராம் மாவுக்கு 3 முட்டையும், பிழிந்த கீரை 100 கிராமும் போதும். பிசைந்ததை மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். ரிக்கோட்டாவை முதல்நாள் இரவே மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, மொர்ட்டடெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சியைப் பொடியாக அரைத்த பிறகே அதனுடன் கலக்குங்கள்.

மடிக்கும்போது பூரணத்தைச் சுற்றியுள்ள காற்றை விரல் நுனியால் வெளியே தள்ளிவிட்டு ஓரத்தை அழுத்துங்கள், ஏனெனில் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மடிப்பைப் பிளந்துவிடும். தளதளவென்று கொதிக்கும் நீரில் வேகவிடாமல் தணலைக் குறையுங்கள். வெண்ணெயில் சேஜ் இலை பொரிந்து மணக்கும்போது அதில் புரட்டி, சுடச்சுடப் பரிமாறுங்கள்.