கூகுள் மேப் இருக்கும்போது உலகப் புவியியல் எதற்கு?

போனில் உலகமே இருக்கிறது, பள்ளியில் உலகப் புவியியல் படித்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக்காக வரைபடத்தில் இடம் குறித்துக் குறித்துச் சலித்துப்போன மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாடு, தலைநகர், நாணயம் என்று நெட்டுருப் போடுவதைச் சொல்கிறீர்கள் என்றால் நானும் உங்கள் கட்சிதான்.

ஆனால் நான் சரக்குக் கப்பல்களில் கண்டெய்னருக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள 'எவர் கிவன்' என்ற சரக்குக் கப்பல் எகிப்தின் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு 6 நாள் வழியை அடைத்ததே, அப்போது நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பவேண்டிய வாடிக்கையாளர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகட்டுமே, படத்தில் கொஞ்ச தூரம்தானே?" என்றார். மேலாளரும் தலையாட்டினார். ஒரு தாளில் வரைந்து காட்டினேன். இது பாப் எல் மண்டெப் நீரிணை, உள்ளே செங்கடல், மேலே 193 கிலோமீட்டர் கால்வாய், தாண்டினால் மத்தியதரைக் கடல். இதை விட்டால் ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் நன்னம்பிக்கை முனைவரை இறங்கி, அட்லாண்டிக் வழியாக மறுபடி மேலே ஏறவேண்டும். ஒன்றரை வாரம் கூடும், எரிபொருள் செலவு தனி. "படத்தில் அவ்வளவு தெரியலையே" என்றார் வாடிக்கையாளர். எப்படித் தெரியும்? அது 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் மாலுமிகளுக்காகப் போட்ட முறை. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிக் காட்டும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாக நிற்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. இதையெல்லாம் எனக்குச் சொன்னது கூகுள் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் உலக உருண்டையைச் சுழற்றிக் காட்டிய டீச்சர்.

"அது உன் தொழில், எல்லாருக்கும் எதற்கு?" என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள், தெரியும். சரி, 2023 வறட்சியில் பனாமா கால்வாயில் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்க, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று படித்தவர்களே கேட்டார்கள். அங்கே மதகுத் தொட்டிகளை நிரப்பிக் கப்பலை ஏற்றி இறக்குவது கால்வாய் வழியிலேயே இருக்கும் காட்டுன் ஏரியின் நன்னீர், அதற்கு மழை வேண்டும். கூகுளில் தேடலாம்தான், ஏரி ஒன்று இருப்பதாவது தெரிந்திருந்தால்.

அப்புறம் அந்தத் தாள். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் அதையே திரையில் போட்டு, தான் தயாரித்த மாற்றுவழித் திட்டம் என்று விளக்கினார். என் கோழிக்கிறுக்கலில் 'செங்கடல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்த வருடம் பதவி உயர்வும் அவருக்கே. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எங்கேயாவது சொல்லவேண்டும் என்று இருந்தது.