வாசகர் கேள்வி பதில்: வளையம் எங்கே பிளக்கிறது?

கேள்வி: லிமாவ் கஸ்தூரித் தோலிலிருந்து எடுத்த எண்ணெயை ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளின் மூலக்கூறையும் உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் கருவி) ஓட்டினேன். வரைபடத்தின் பெரிய பீக்கை (முகட்டை) லிமோனீன் என்கிறது கருவியின் நிறமாலை நூலகம். ஆனால் நிறமாலையில் முழு மூலக்கூறின் நிறையான 136-ஆம் கோடு குட்டையாகவும் 68 மிக உயரமாகவும் இருக்கின்றன. சரிபாதி என்பதால், 68 இரட்டை மின்னூட்டம் ஏறிய மூலக்கூறோ?
— மாணவி, பினாங்கு

பதில்: நல்ல சந்தேகம், ஆனால் அது அப்படியல்ல. கருவி நிறையை மின்னூட்டத்தால் வகுத்தே காட்டும். எனவே இரட்டை மின்னூட்டம் என்றால், கார்பன்-13 (ஒரு அலகு கனமான கார்பன்) ஒன்று கலந்த அயனி 68.5-இல் நிற்கும், பத்து கார்பன் இருப்பதால் 68-இன் உயரத்தில் சுமார் 11 விழுக்காடு தெரிய வேண்டும். ப்ரொஃபைல் முறையில் (கோடுகளாகச் சுருக்காமல் முழு வளைவாக) பதிந்து பாருங்கள், அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

68 என்பது பிளந்த வளையத்தின் பாதி. வளையத்தில் ஒரு பிணைப்பு அறுந்தால் எதுவும் கழன்று போகாது. வளையம் சங்கிலியாகும், நிறை அதே 136. இரண்டாவது பிணைப்பும் அறுந்தால்தான் துண்டு பிரியும். எது அறும் என்பதை இரட்டைப் பிணைப்பு முடிவு செய்கிறது. லிமோனீனைத் தாளில் வரையுங்கள். மெத்தில் ஒட்டிய கார்பன் 1, இரட்டைப் பிணைப்பு 1–2. இப்போது 3–4, 5–6 ஆகிய இரண்டையும் பென்சிலால் வெட்டுங்கள். இந்தப் பிளவின் பெயரே ரெட்ரோ டீல்ஸ்–ஆல்டர். கையில் இரண்டு ஐசோபிரீன் (ஐந்து கார்பன் துண்டு) மிஞ்சும், ஒவ்வொன்றும் 68. வழக்கமாக, எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் துண்டு மின்னூட்டத்தோடு போகும். மின்னூட்டமில்லாத மற்றது கருவிக்குத் தெரியாது. வெறும் சைக்ளோஹெக்சீனில் 28 நிறையுள்ள எத்திலீன் அப்படித்தான் மறைந்து, 54 மட்டும் தெரிகிறது. லிமோனீனில் மின்னூட்டம் எந்தப் பாதிக்குப் போனாலும் 68தான். அவ்வளவு உயரம் அதனால்தான்.

நிறமாலையில் உயரமாக நிற்கும் இன்னொரு கோடான 93-ஐ மட்டும் பார்த்து, இது லிமோனீன் என்று முடிவு செய்யாதீர்கள். ஆல்பா-பைனீன், சபினீன், காமா-டெர்பினீன் எல்லாமே 136 நிறை, எல்லாவற்றிலும் 93 ஓங்கி நிற்கும். 68-ஐப் பாருங்கள், கூடவே ஆல்கேன் கலவையை ஓட்டி ரிடென்ஷன் இண்டெக்ஸையும் (பொருள் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்) கணக்கிடுங்கள். 5 விழுக்காடு ஃபினைல் காலத்தில் (column, கலவையைப் பிரிக்கும் மெல்லிய குழாய்) லிமோனீனுக்கு 1030 அளவில் வரும். நூலகம் தரும் பொருத்த எண்ணைவிட இது நம்பகமானது.

எண்ணெயை நீர்க்காமல் செலுத்துவதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். டிடெக்டர் நிரம்பிவிடும், 68-இன் தலை மழுங்கும், கோடுகளின் விகிதம் கெடும். நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, 1 மி.லி. ஹெக்சேனில் 1 மைக்ரோலிட்டர் எண்ணெய் கலந்து, அதில் 1 மைக்ரோலிட்டரை 1:50 ஸ்பிளிட்டில் (சிறு பங்கு மட்டும் குழாய்க்குள் போக, மீதி வெளியேறும் முறை) செலுத்துங்கள். பீக்கின் உச்சியில் நாலைந்து ஸ்கேன்களின் சராசரியை எடுத்து, பக்கத்துப் பின்னணியைக் கழியுங்கள். 136 உயர வேண்டுமானால், மூலக்கூறை மோதும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை 70 எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 15-க்கு இறக்கலாம். ஆனால் அந்த நிறமாலையை நூலகத்தோடு ஒப்பிடக் கூடாது, நூலகப் பதிவுகள் 70-இல் எடுத்தவை.

கேள்வி: பெயிண்ட் தின்னரில் உள்ள சைலீன், ஆர்த்தோ, மெட்டா, பாரா (இரு மெத்தில்களின் இடம் மட்டும் வேறு) ஆகிய மூன்றில் எது என்று நிறமாலையை வைத்துச் சொல்ல முடியுமா?
— ஆய்வக உதவியாளர், கோலாலம்பூர்

பதில்: முடியாது. அயனி ஏழு கார்பன் வளையமாக விரிவதால், மெத்தில்கள் இருந்த இடத்தின் அடையாளம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது; மூன்றுமே 91, 106, 105 என்றே காட்டும். அதே 106 நிறையுள்ள எத்தில்பென்சீனை மட்டும் பிரித்தறியலாம்: அதில் 105 மிகச் சிறியது. மெட்டாவும் பாராவும் சாதாரணக் காலத்தில் ஒரே பீக்காக வரும். பாலிஎத்திலீன் கிளைகால் (polyethylene glycol) பூசிய காலத்துக்கு மாறுங்கள். பாரா முதலில் இறங்கும், அடுத்து மெட்டா.