விற்ற காருக்கு வாங்கியவர் பணம் திருப்பிக் கேட்டால்?

கேள்வி: நான் திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கிறேன். எனது 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா ஹைபிரிட் (பெற்றோலிலும் பெட்டரி மின்சாரத்திலும் ஓடும்) காரை, கந்தளாயைச் சேர்ந்த சிங்களச் சகோதரர் ஒருவருக்கு 62 இலட்சம் ரூபாவுக்கு விற்றேன். விளம்பரத்தில் “பெட்டரி நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதியிருந்தேன். சென்ற வருடம் கராஜில் பெட்டரி பலவீனமாகி வருவதாகச் சொன்னார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாததால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. வாங்கி மூன்று வாரங்களில் அந்த விளக்கு எரியத் தொடங்கிவிட்டதாம். புதிய பெட்டரிக்கு 4 இலட்சம் கேட்கிறார். தராவிட்டால் காரைத் திருப்பி எடுக்க வேண்டுமாம், இல்லையேல் பொலிஸுக்குப் போவாராம். பெயர் மாற்றப் படிவங்களில் கையொப்பமிட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன், அவர் இன்னும் மாற்றவில்லை. விற்ற பணத்தில் 60 இலட்சத்தை மகளின் படிப்புக்காக ஒரு வருட நிலையான வைப்பில் இட்டுள்ளேன். அதை உடைத்துக் கொடுக்கவா?

பதில்: பெட்டரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் பெயர் மாற்றத்தைப் பற்றியே நான் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் உங்கள் பணத்துக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்த நாட்கள் கடந்துவிட்டன. இப்போது கந்தளாய் வீதியில் அந்தக் கார் ஒருவரை மோதினால், பொலிஸாரும் பாதிக்கப்பட்டவரின் சட்டத்தரணியும் முதலில் தேடி வருவது பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள உங்களைத்தான். காப்புறுதியும் உங்கள் பெயரிலேயே நீடித்தால், விற்றுவிட்ட வாகனத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்கவும் இடமுண்டு. பெட்டரிக்கு 4 இலட்சம் என்பது எல்லை தெரிந்த தொகை. விபத்து வழக்கின் நட்டஈட்டுக்கு அப்படி எல்லை கிடையாது. ஆகவே இந்த வாரத்திலேயே, வாகனம் கைமாறியதை விற்பவர் அறிவிக்கும் எம்.ரீ.ஏ. 6 படிவத்தின் இன்னொரு பிரதியை நிரப்பி, விற்ற திகதி, வாங்கியவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

இனி முறைப்பாட்டுக்கு வருவோம். தொழிலாகக் கார் விற்காத ஒருவர் தமது பழைய காரை விற்கும்போது, அதன் தரத்துக்குச் சட்டம் தானாக ஓர் உத்தரவாதத்தை அவர் தலையில் சுமத்துவதில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அத்தகைய பொறுப்பை வியாபாரியிடமே எதிர்பார்க்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் வர்த்தகர்களுக்கு எதிரான முறைப்பாடுகளுக்கானதே. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் “வந்து பாருங்கள், விரும்பினால் எடுங்கள்” என்று மட்டும் விற்றிருந்தால், பத்து வருடம் கடந்த ஹைபிரிட் பெட்டரி சோர்ந்துபோனதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று தயங்காமல் எழுதியிருப்பேன்.

ஆனால் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். “பெட்டரி நல்ல நிலையில் உள்ளது” என்ற வாக்கியம், தனியார் விற்பனையிலும் விற்பவரைக் கட்டக்கூடிய உறுதிமொழியாகக் கருதப்படலாம். அதைவிட, கராஜில் கேட்டறிந்த பின்னரே அவ்வாறு எழுதியிருக்கிறீர்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது உங்கள் மனதுக்கு ஓர் ஆறுதலாக இருக்கலாம், மத்தியஸ்தர் முன்னால் அது பதிலாகாது. தெரிந்ததை மறைத்து மாறாகச் சொன்னவருக்கு, “உள்ளது உள்ளபடி விற்றேன்” என்ற வாதமும் கைகொடுக்காது. உங்களை நோகடிப்பதற்காக இதை எழுதவில்லை; முழுதாக மறுத்துவிட்டு இருக்கலாம் என்று நண்பர்கள் சொல்லியிருந்தால் அந்த யோசனையைக் கைவிடுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். அவருக்கு ஒரு தொகை கொடுப்பதே நியாயம்.

எவ்வளவு என்பதுதான் கேள்வி. அது 4 இலட்சம் அல்ல. உறுதிமொழி பொய்த்த விற்பனையில் இழப்பைக் கணக்கிடும் முறை, சொன்னபடி இருந்திருந்தால் அந்தக் கார் என்ன பெறுமதி, கைமாறிய நாளில் இருந்த நிலையில் என்ன பெறுமதி என்ற இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே. நீங்கள் விற்றது பத்து வருடம் கடந்த பெட்டரியோடு கூடிய கார். அவர் கேட்பதோ புதிய பெட்டரி. உங்கள் பணத்தில் புதியது போட்டால், வாங்கிய நாளில் இருந்ததைவிடச் சிறந்த கார் அவர் கையில் இருக்கும். பெட்டரி பலவீனம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் பேரம் பேசி எவ்வளவு குறைத்திருப்பார் என்று நேர்மையாக யோசியுங்கள். அறுபதரை இலட்சத்துக்கு முடிந்திருக்கும் என்றால், ஒன்றரை இலட்சமே உங்கள் பங்கு.

அந்தத் தொகையைச் சொல்வதற்கு முன், இருவரும் ஏற்றுக்கொள்ளும் வேறொரு ஹைபிரிட் கராஜில் காரை ஸ்கேன் செய்யுங்கள். கட்டணத்தை நீங்களே கொடுங்கள், நல்லெண்ணத்துக்கு அது உதவும். அக்குவாவின் பெட்டரி பின் ஆசனத்துக்குக் கீழே பல மொடியூல்கள் (சிறு பெட்டரிப் பகுதிகள்) சேர்ந்த ஒரு தொகுதியாக இருக்கிறது. ஸ்கேனில் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டும் வரிசையாகத் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அவற்றை மாற்றுவதற்கான விலையை முதலில் கேட்கலாம், எல்லாமே தளர்ந்திருந்தால் அப்படி ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பெட்டரியைக் குளிர்விக்கும் விசிறியின் வாயில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்தால் பெட்டரி சூடேறி விளக்கு எரியும், சில வேளைகளில் அதைத் துப்புரவு செய்தாலே செலவு வெகுவாகக் குறையும். அறிக்கையின் பிரதி இருவரிடமும் இருக்கட்டும்.

காரைத் திருப்பி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். மூன்று வாரம் வேறொருவர் ஓட்டிய காரை 62 இலட்சம் கொடுத்து எடுத்து, பெட்டரிக் குறையைச் சொல்லி மீண்டும் விற்கும்போது நேரும் நட்டம் ஒன்றரை இலட்சத்தோடு நிற்காது.

பேச்சு முறிந்தால், நீங்களே முந்திக்கொண்டு மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். இவ்வளவு தொகைக்கான பிணக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கேதான் போயாக வேண்டும். சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது என்பதால் செலவும் இல்லை. பொலிஸ் என்ற சொல்லுக்குப் பயந்து அன்றிரவே பணம் அனுப்பிவிடாதீர்கள். அதற்காக அவருடைய அழைப்புகளை எடுக்காமலும் இருந்துவிடாதீர்கள். மறைந்துகொள்கிறவர் ஏமாற்றியவராகவே தெரிவார். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்கவே கூடாது.

உடன்பாடு ஏற்பட்டால் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். வாகன இலக்கம், செசி இலக்கம், அன்றைய கிலோமீற்றர் அளவு, கொடுக்கும் தொகை, இக்காரைப் பற்றி இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம், பெயர் மாற்றத்தை அவர் முடிக்க வேண்டிய திகதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவரும் எம்.ரீ.ஏ. 8 படிவத்தோடு தம் பெயருக்கு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியைக் காட்டிய அன்றே பணத்தைக் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்யுங்கள். காசாகவோ பின்னொரு நாளுக்குத் திகதியிட்ட காசோலையாகவோ அன்றி, கராஜின் கணக்குக்கோ அவருடைய கணக்குக்கோ வங்கி மூலமே அனுப்புங்கள்.

நிலையான வைப்பை உடைக்க வேண்டியதில்லை. உங்கள் கணக்குப்படி வைப்பில் சேராத 2 இலட்சம் உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்றரை இலட்சத்தை அதிலிருந்து கொடுங்கள். அது ஏற்கெனவே செலவாகியிருந்தால், அதே வங்கியில் வைப்பைப் பிணையாக வைத்து அந்தத் தொகைக்கு மட்டும் சிறு கடன் எடுத்து, மாதாந்த வருமானத்திலிருந்து சில மாதங்களில் அடைத்துவிடுங்கள். கடன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அது ஒன்றரை இலட்சத்துக்கு மட்டுமே. இடையில் உடைத்தால் 60 இலட்சத்துக்கும் வட்டி வீதம் குறைந்துவிடும்.