டிவியில் பிரவுசர் இல்லையா? பாக்ஸ் வாங்க ஓடாதீர்கள்

கேள்வி: ஹாலில் இருப்பது நான்கு வருடம் முன்பு வாங்கிய ஆண்ட்ராய்டு டிவி. யூடியூப் ஓடுகிறது, ஆனால் பிரவுசர் இல்லை. பார்வை மங்கிவரும் அப்பா பெரிய எழுத்தில் நாளிதழ் படிக்க ஆசைப்படுகிறார். கடைக்காரர் 4,500 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் மாட்டச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். உங்கள் டிவியே ஆண்ட்ராய்டு. அதன் தலையில் இன்னொரு ஆண்ட்ராய்டை ஏற்றி என்ன ஆகப்போகிறது? சாம்சங், எல்ஜி டிவிகளில் பிரவுசர் கூடவே வரும். ஆண்ட்ராய்டையும் குரோமையும் தருவது ஒரே கூகுள்தான். ஆனால் டிவியின் பிளே ஸ்டோரில் மட்டும் குரோமைக் காணோம். ஏன் என்று கேட்கத்தான் ஆளில்லை.

வீட்டில் லேப்டாப் இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். செருகிவிட்டு, டிவி ரிமோட்டில் இன்புட் பட்டனை அழுத்தி அந்த எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு 'பி'யை அழுத்தி, 'டூப்ளிகேட்' கொடுங்கள். சத்தமும் அதே கேபிளில் போய்விடும். எழுத்து பெரிதாக வேண்டுமா, கன்ட்ரோலோடு பிளஸ்ஸை நாலு தட்டு தட்டினால் சரி. தங்க முலாம் பூசிய கேபிள் என்று கூடுதல் விலை சொல்வார்கள். இரண்டு மீட்டருக்குச் சாதாரணக் கேபிளே தாராளம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லாமல் டைப்-சி மட்டும் இருந்தால், அந்தத் துளை படத்தை வெளியே அனுப்பக்கூடியதா என்று முதலில் பாருங்கள். எல்லா டைப்-சியும் அனுப்பாது. சில வெறும் சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும்தான். துளைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் மின்னல் குறி இருந்தால் பயமில்லை. குறி எதுவும் இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு கம்பெனி தளத்தில் பாருங்கள், கடையில் கேட்காதீர்கள். போனுக்கும் இதே கதைதான்: விலை குறைந்த போன்கள் பலவற்றில் டைப்-சி வழியாகப் படம் வராது. ஆனாலும் 'போனில் இருந்து டிவிக்கு' என்று டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிளை விற்றுவிடுவார்கள். செருகிப் பார்த்தால் திரை கறுப்பாகவே இருக்கும். திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

லேப்டாப் இல்லையா? ஆண்ட்ராய்டு போனையும் டிவியையும் ஒரே வைஃபையில் இணைத்து, கூகுள் ஹோம் ஆப்பில் டிவியைத் தொட்டு 'காஸ்ட் மை ஸ்கிரீன்' கொடுங்கள். போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் நாளிதழ் திரை முழுக்க விரியும். அப்பாவே ஓட்ட வேண்டுமென்றால், டிவியின் பிளே ஸ்டோரில் 'டிவி ப்ரோ' (TV Bro) போன்ற பிரவுசரை இறக்கி, யுஎஸ்பி துளையில் ஒரு வயர்லெஸ் மவுஸின் ரிசீவரைச் செருகுங்கள். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் கொடுமையை அந்த வயதில் அவருக்குத் தராதீர்கள்.

அப்புறம் அந்த பாக்ஸ். 'எல்லாச் சேனலும், எல்லா ஓடிடியும் இலவசம்' என்று பெயர் தெரியாத கம்பெனி பாக்ஸை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2023இல் டி95 என்ற மலிவு பாக்ஸில், பெட்டியைப் பிரிக்கும் முன்பே வைரஸ் குடியிருந்தது அம்பலமானது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயே இப்படிப்பட்ட பாக்ஸ்களைப் பற்றி எச்சரித்தது. நம் ஊர்க் கடைகளில் இதையெல்லாம் யார் சோதிக்கிறார்கள்? வாரண்டி சீட்டில் கடை முத்திரை இருக்கும், அவ்வளவுதான்.

டிவியில் 'ஆக்டிவேஷன் கோட்' வந்தால், கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி அழைக்காதீர்கள்; மோசடிக்காரர்களின் போலி எண்ணும் அதில் இருக்கலாம். யூடியூப் ஆக்டிவேஷனுக்குக் கட்டணமே கிடையாது. பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் டிவி பிரவுசரில் திறக்கவே வேண்டாம்.